மீனுக்கு ராசி கிடையாது

எட்டு வருடம் பக்கத்துக் கடையில் இருந்தும் அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. எண்பத்திரண்டு வயதில் அவர் இறந்தபோது வாலாஜாபாத்தில் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்தான் முதன்முதலாகப் படித்தேன். வேறு யாரோ ஒருவரின் பெயர் போல இருந்தது. அதனால் இங்கேயும் அதை எழுதப்போவதில்லை. ஒரகடம் கூட்டுரோட்டில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர். கிறிஸ்தவ சபையில் கூப்பிடுகிற முறை அது. ஊர் முழுக்கப் பரவிவிட்டது. புதிதாக வந்தவர்கள் நர்ஸ் என்று நினைத்துக்கொண்டு கைக்காயத்தோடு வந்து நிற்பார்கள். சிஸ்டரும் சலிக்காமல் காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "எனக்கு மீனு வைத்தியம்தான் தெரியும். மீனா இருந்தா கல்லுப்புத் தண்ணியில போட்டு வெப்பேன். உன்ன எந்தத் தொட்டியில போட்றது?" என்று கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லி அனுப்புவார்.

நான் கோவில்பட்டிக்காரன். தொண்ணூறுகளின் கடைசியில், இந்தப் பக்கம் கம்பெனிகள் வரப்போகின்றன என்று மச்சினன் சொன்னதை நம்பி வந்து எஸ்டிடி பூத் போட்டேன். கூடவே ஒரு ஜெராக்ஸ் மிஷின். முனிரத்தினம் என்பவர் தன் வேர்க்கடலைக் கொல்லையின் ரோட்டோர முனையில் நான்கு கடை கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். முதலில் டீக்கடை, அடுத்தது பஞ்சர் கடை, மூன்றாவது நான், கடைசியில் மீன், குருவி, முயல், நாய்க்குட்டி விற்கிற சிஸ்டர். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் கனத்தில் ஒரு சுவர். என் பூத்திலிருந்து யார் ஊருக்குப் பேசினாலும் சிஸ்டர் கடை லவ் பேர்ட்ஸ் சத்தமும் சேர்ந்து போகும். தங்கள் பிள்ளைகள் கம்பெனியில் இல்லை, ஏதோ காட்டில் வேலை பார்க்கிறார்கள் என்று ராமநாதபுரத்து அம்மாக்கள் சிலர் வெகுநாள் நம்பியிருந்தார்கள்.

காலை ஆறரைக்குக் கடை திறந்ததும் சிஸ்டர் ஜெபம் பண்ணுவார். அந்தச் சுவர் வழியாக நான் கேட்காத ஜெபம் கிடையாது. "மகா பரிசுத்தமும் கிருபையும் நிறைந்த எங்கள் பரலோகப் பிதாவே, இந்தக் காலை வேளையிலே உம்முடைய சமூகத்தில் தாழ விழுகிறோம்" என்று சபைத் தமிழில்தான் ஆரம்பிக்கும். "விழுகிறோம்" என்ற பன்மையில் முயல்களும் வெள்ளெலிகளும் சேர்த்தி. இரண்டு நிமிடம் அந்தத் தமிழ் தாங்கும். பிறகு குரல் மாறும்.

"நேத்து மத்தியானம் மூணு மணி நேரம் கரெண்டு இல்ல. ஆறு கோல்டு பிஷ் செத்துது. உமக்குத் தெரியும், தெரியாத மாரி இருக்காதீர். நான் கையால தண்ணிய அடிச்சிக்கினு இருந்தேன். நீர் இன்னா பண்ணிக்கினு இருந்தீர்?"

கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. பதில் கேட்கிறாராம். பிறகு, "சரி உடும். இனிமே இப்பிடிப் பண்ணாதீர்" என்று முடிப்பார்.

நானும் சின்ன வயதிலிருந்து கோயிலுக்குப் போகிறவன்தான். சாமியிடம் கெஞ்சியிருக்கிறேன், அழுதிருக்கிறேன். வேலைக்கு நேரத்துக்கு வராத மேஸ்திரியிடம் பேசுவது போல ஒருநாளும் பேசியதில்லை.

கடையிலிருந்து விற்றுப்போன பிராணிகளையும் ஜெபத்தில் விடமாட்டார். மாத்தூர் டைலர் வீட்டு முயலுக்கு வயிற்றுப்போக்கு, சுங்குவார்சத்திரம் லாட்ஜ்காரர் வாங்கிய கிளிஜோடியில் ஆணுக்குக் கோபம் அதிகம் என்று ஒவ்வொன்றாகப் போகும். என்மேல் ஏதாவது புகார் இருந்தாலும் அந்த வழியாகத்தான் வரும். "பக்கத்துக் கடைத் தம்பிக்கு நல்ல வியாபாரம் குடும் ஆண்டவரே. ஆனா அந்த ஜெராக்ஸ் மிஷினு கடகடன்றப்ப எம் முயலு மூலையில போயி ஒண்டிக்கிது. அத்தையும் கொஞ்சம் பாத்துக்கும்." அன்றைக்கே நான் மிஷினை எதிர்ச்சுவர் பக்கம் தள்ளிப்போட்டேன். ஆண்டவர் கவனித்துக்கொண்டார் என்று மறுநாள் ஸ்தோத்திரம் சொன்னார். எனக்கு ஒரு வார்த்தை இல்லை.

சிஸ்டர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். மணிமங்கலத்துப் பக்கம் பிறந்து, கதிர் அறுத்து, சித்தாள் வேலை பார்த்து, கணவர் போன பிறகு தாம்பரத்தில் ஒரு ஆபீசர் வீட்டில் பாத்திரம் தேய்த்தார். அந்த ஆபீசர் மாற்றலாகிப் போகும்போது ஒரு கண்ணாடித் தொட்டியையும் நான்கு மீனையும் இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். மூன்று நாளில் மூன்று மீன் செத்தது. ஏன் செத்தது என்கிற கேள்வி அவரை விடவில்லை. செத்த மீனை பிளேடால் கீறிப் பார்த்திருக்கிறார்.

"கொழம்பு வெக்க எத்தினி மீனு ஆஞ்சிருப்பேன் தம்பி. அன்னிக்குத்தான் உள்ள இன்னா கீதுன்னு பாத்தேன்" என்பார்.

நான்காவது மீனுக்கு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்ததில் ஆரம்பித்தது எல்லாம். புதிதாகப் பிடித்த தண்ணீர் மீனைக் கொல்லும், நேற்றுப் பிடித்து வைத்தது காக்கும் என்பதைத் தானாகவே கண்டுபிடித்தார். சோளம் தின்கிற குருவிக்கும் தினை தின்கிற குருவிக்கும் எச்சத்தில் என்ன வித்தியாசம் என்று அவருக்குத் தெரியும். தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்க்க, விரல் நுனியைத் தொட்டியில் நனைத்து நாக்கில் வைப்பார். ஒருமுறை சென்னையிலிருந்து மீன் கொண்டுவருகிற வியாபாரி ஒருவர் உப்பு அளக்கிற மீட்டரோடு வந்து, ஐந்து தொட்டியில் ஐந்து முறை பந்தயம் கட்டினார். எது உப்பு கூடுதல், எது குறைச்சல் என்று ஐந்திலும் சிஸ்டர் சொன்னதும் மீட்டர் சொன்னதும் ஒன்றாக இருந்தது. அவர் மீட்டரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். சிஸ்டர் ஒரு வாய் காபி குடித்தார்.

அவருக்குப் பொய் வராது. வியாபாரிக்கு இதைவிடப் பெரிய ஊனம் இல்லை. ஏஞ்சல் என்று ஒரு மீன் உண்டு. பட்டம் மாதிரி இருக்கும், மற்ற மீன்களின் வாலைக் கடிக்கும். அதற்கு அந்தப் பெயர் சொல்லி விற்கமாட்டார். "தேவதூதன் எங்கனா அடுத்தவன் வாலக் கடிப்பானா?" என்று கேட்பார். அதனால் கடையில் அதற்குப் பெயர் ரவுடி மீன். ரவுடி மீனை யார் வாங்குவார்கள்? ஒரு கூண்டுக் குருவியைக் காட்டி "இது நல்லாப் பாடுமா?" என்று கேட்டால், "கத்தும். உனக்குப் பாட்டா கேட்டா உன் பாக்கியம்" என்பார்.

ஒருநாள் மத்தியானம் ஷிப்ட் மாறுகிற நேரத்தில், கம்பெனி யூனிபார்மிலேயே ஒரு இளம் தம்பதி வந்தார்கள். மதுரைப் பக்கம். கல்யாணமாகி ஆறு மாதம், ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். வெள்ளைப் பொமரேனியன் குட்டி ஒன்றைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்தப் பெண் கீழே விடவே இல்லை.

"ரெண்டு பேருக்கும் ஒரே ஷிப்டா?" என்று கேட்டார் சிஸ்டர்.

"இல்லக்கா. எனக்கு ஏ ஷிப்ட், அவுகளுக்கு பி ஷிப்ட்."

"ஓ.டி. பாப்பீங்களா?"

"வாரத்துல மூணு நா இருக்கும்க்கா."

"அப்போ நாய்க்கு எந்த ஷிப்ட்?"

அந்தப் பெண் சிரித்தாள். சிஸ்டர் சிரிக்கவில்லை. குட்டியைக் கையிலிருந்து வாங்கிக் கூண்டில் விட்டுவிட்டு, ஒரு பாட்டிலில் ஃபைட்டர் மீனைப் பிடித்துக் கொடுத்தார். "இத்த வெச்சிக்க. இது ஒண்டிக்கட்டை. இன்னொண்ணு கூட இருந்தாத்தான் அதுக்கு ஆவாது. ஓ.டி. நின்னதும் வா, குட்டி தரேன்." நானூறு பேர் அந்த ரோட்டில் ஷிப்டு மாறுகிற ஊரில் நாய் விற்க உட்கார்ந்துகொண்டு அவர் சொன்ன பேச்சு இது. "இப்டிச் சொன்னா எப்படி வியாபாரம் நடக்கும் சிஸ்டர்" என்று கேட்டேன். "வியாபாரம் அவரு பாத்துக்குவாரு. பொய் சொன்னா அதையும் அவரு பாத்துக்கினுதான இருப்பாரு" என்றார்.

பக்தியிலும் அதே கறார்தான். கடையின் ஆண்டு நிறைவுக்கு அவர்கள் சபைப் பாஸ்டர் வந்து ஆசீர்வதித்தார். கையில் சின்னக் குப்பியில் ஜெப எண்ணெய். கல்லாவில் ஒரு சொட்டு, வாசல் நிலையில் ஒரு சொட்டு வைத்துவிட்டு மீன் தொட்டிப் பக்கம் நகர்ந்தார். சிஸ்டர் இரண்டு கையையும் விரித்துத் தொட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"தண்ணி மேல எண்ண படிஞ்சா மீனு மூச்சு முட்டிப் பூடும் பாஸ்டர்."

"இது அபிஷேகத் தைலம் சிஸ்டர்."

"உங்குளுக்கும் எனக்கும் தெரியும். மீனுக்குத் தெரியாதே."

பாஸ்டர் நல்ல மனிதர். தொட்டிக்குக் கீழே இருந்த இரும்பு ஸ்டாண்டில் ஒரு சொட்டு வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடத்தில் ஊர் மாறிவிட்டது. ரோடு அகலமானது. வேர்க்கடலை விளைந்த கொல்லைகளில் மனை பிரித்து வெள்ளைக் கல் நட்டார்கள். முனிரத்தினம் விவசாயத்தை விட்டுவிட்டு நிலத் தரகில் இறங்கினார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு செல்போன். எல்லோர் பையிலும் ஒன்று வந்துவிட்டதால் என் பூத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். ஜெராக்ஸ்தான் சோறு போட்டது.

அந்த நேரத்தில்தான் ராசி மீன் மோகம் வந்தது. ஃப்ளவர்ஹார்ன் என்று பெயர். செக்கச்செவேல் என்றிருக்கும், நெற்றியில் எலுமிச்சம்பழத்தை ஒட்டிவைத்தது போல ஒரு புடைப்பு. புடைப்பு வளர வளர செல்வம் வளரும், விலாவில் ஓடும் கறுப்புக் கோடுகளில் எழுத்து தெரியும் என்று ஒரு பேச்சு. முனிரத்தினம் சிஸ்டரிடம் வந்தபோது நானும் கடையில் இருந்தேன்.

"ராசி மீனு ஒண்ணு வோணும் சிஸ்டர். மண்டை நல்லா எடுப்பா இருக்கணும்."

"மீனு வரவெச்சித் தரேன். ராசி எங்கிட்ட ஸ்டாக் இல்ல."

"எல்லாக் கடையிலயும் விக்கிறானே."

"அங்க போயி வாங்கிக்க. அவன் மீனோட பொய்யும் சேத்துக் கட்டிக் குடுப்பான். மீனுக்கு ராசி கெடையாது முனிரத்னம். அதுக்குப் பசிதான் தெரியும்."

முனிரத்தினம் சென்னைக்குப் போய் வாங்கிவந்தார். ஆபீஸ் அறையில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே தொட்டி. மீன் வந்த வாரத்தில் இரண்டு மனை விலைபோயிற்று. அதற்குப் பிறகு அவர் மீனைக் கேட்காமல் செருப்புக்கூட வாங்குவதில்லை. பெரிய கம்பெனி ஒன்றின் ஆட்கள் ரோட்டோரமாக மொத்தமாக இடம் கேட்கிறார்கள் என்ற பேச்சு வந்த அதே சமயம், மீன் சாப்பிடுவதை நிறுத்தியது.

பக்கெட்டில் வைத்து இரண்டு பேர் தூக்கிவர, பின்னாலேயே முனிரத்தினம் வேர்த்து விறுவிறுத்து வந்தார். மீன் நிறம் வெளுத்து ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. புடைப்பில் ஊசி குத்தியது போல மூன்று நான்கு குழி. சிஸ்டர் பக்கெட்டில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். முகம் கோணியது.

"மஞ்சத் தண்ணி எதுக்குய்யா உள்ள ஊத்துனே?"

"வெள்ளிக்கெழம பூச பண்ணேன் சிஸ்டர். மேல தெளிச்சேன், கொஞ்சம் உள்ள வுழுந்துட்ச்சி."

"சாமிக்குச் செய்யறத சாமிக்குச் செய்யி. தின்றதுக்கு இன்னா போட்டே?"

முனிரத்தினம் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "லட்டு. ரெண்டு மனை முடிஞ்ச சந்தோசத்துல."

சிஸ்டர் மீனைத் தன் கடைக்குள் கொண்டுபோய் தனித் தொட்டியில் விட்டார். உப்பு போட்டு, சூட்டுக்கு ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு, மனிதர்களுக்கு வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற மாத்திரையில் நகக்கண் அளவு உடைத்துக் கரைத்தார். "பத்து நாளு ஆவும். பொழைக்கும்னு சொல்ல மாட்டேன். பாக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து முனிரத்தினம் என் கடைக்கு ஒரு கட்டுப் பத்திரத்தோடு வந்தார். நான்கு நகல் வேண்டும். மிஷினில் வைத்துத் திருப்பும்போது சர்வே எண் கண்ணில் பட்டது. என் வாடகை ஒப்பந்தத்தில் இருந்த அதே எண். கொல்லையோடு நாங்கள் நிற்கிற நான்கு கடையும் போகிறது. நான் ஒன்றும் கேட்காமலே அவருக்குப் புரிந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காத தம்பி. பார்ட்டி முழுசாத்தான் கேக்கறான். இன்னும் கையெழுத்து ஆவல." குரலைத் தாழ்த்தினார். "அந்த மீனு எழுந்தாத்தான் கையெழுத்து. அது பூட்ச்சின்னா, சத்தியமா சொல்றேன், நான் ரெஜிஸ்டர் ஆபீசு படி ஏற மாட்டேன். கெட்ட சகுனத்துல பூமிய விக்கக் கூடாது."

அவர் போனதும் மிஷினை அணைத்துவிட்டு நேரே சிஸ்டரிடம் போனேன். அவர் குனிந்து மீனின் செவுளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே மீனைத்தான் பார்த்தார்.

"அந்த மீன் பொழச்சா நம்ம நாலு கடையும் போகுதுல்லா சிஸ்டர்" என்றேன்.

"ம்."

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாப் போதும். அது பாட்டுக்குப் போயிரும்."

"மீனு இன்னா பண்ணுச்சி?" என்றார்.

நான் என் கடைக்குத் திரும்பினேன். அன்று மாலையே பாஸ்டரும் வந்தார், வேறு காரணத்தோடு. "அந்த மீனுக்குப் போயி ஜெபம் பண்றீங்களாமே சிஸ்டர். அத்த ராசின்னு கும்பிட்றாங்க. அது விக்கிரகம் மாரி ஆயிடுச்சே" என்றார். சிஸ்டர் மாத்திரையை உடைத்துக்கொண்டே, "அதுக்கு இன்னா பேரு வெச்சிருக்கானுங்கன்னு மீனுக்குத் தெரியாது பாஸ்டர்" என்றார். பாஸ்டரும் நானும் ஒரே கட்சியில் இருந்தது அந்த ஒருமுறைதான். இரண்டு பேருமாக டீக்கடையில் போய் நின்று டீ குடித்தோம்.

மறுநாள் காலை நான் வழக்கத்தைவிட முன்னால் கடைக்கு வந்து சுவரோரமாக உட்கார்ந்தேன். அன்றைக்குச் சபைத் தமிழே இல்லை.

"ஆண்டவரே, அந்த மீனு செத்தா எனக்குக் கடை நிக்கும். சாவட்டும்னு எனக்கு ஆசையா கீது. உம்மகிட்ட மறச்சி இன்னா ஆவப்போவுது. அறுவத்தஞ்சி வயசுல இந்தத் தொட்டிங்கள எங்க தூக்கினு போவேன்? முட்டி வலி வேற. முனிரத்னம் செய்யறது அநியாயம். அவன் காலு ஒடச்சிக்கினா நான் ஜெபம் பண்ண மாட்டேன்னு வெச்சிக்கும்." கூண்டில் தினை கொட்டுகிற சத்தம் கேட்டது. "இல்ல, பண்ணுவேன். ஆனா லேட்டா பண்ணுவேன். அந்த மீனு மட்டும் ஒண்ணும் பண்ணல. நீர் அத்த எழுப்பும். மிச்சத்த நான் உம்மகிட்ட சண்ட போட்டுக்கறேன்."

நான் சத்தம் போடாமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன். எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. ஊரில் மனைவி, இரண்டு பிள்ளைகள், பாதி கட்டின வீடு. ஒரு மீனுக்காக நான் ஏன் தெருவில் நிற்க வேண்டும் என்று அந்த வாரம் முழுக்க மனசுக்குள் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும்போது சிஸ்டர் சாவியை என்னிடம் கொடுத்தார். "கரெண்டு போனா மட்டும் உள்ள போயி தண்ணியக் கொஞ்சம் கலக்கி வுடு தம்பி." கரண்டு போகவில்லை. நான் உள்ளே போனேன்.

மீன் கொஞ்சம் தேறியிருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணாடிப் பக்கம் வந்தது. விரலை இடப்பக்கம் நகர்த்தினால் அதுவும் வந்தது, வலப்பக்கம் நகர்த்தினால் அங்கேயும் வந்தது. நான் குனிந்து, அந்தத் தொட்டிக்குக் காற்று விடுகிற மோட்டாரின் சுவிட்சை அணைத்தேன். குமிழிகள் நின்றன. கடையே ஒரு கணம் அமைதியான மாதிரி இருந்தது. மீன் மேலே போய் வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு மறுபடி கீழே இறங்கி என் முகத்துக்கு நேராக வந்து நின்றது. சாப்பாடு கொடுப்பேன் என்று நினைத்திருக்கும். நான் சுவிட்சைப் போட்டேன். எவ்வளவு நேரம் அணைத்து வைத்திருந்தேன் என்று தெரியாது. ஒரு லோக்கல் கால் பேசுகிற நேரம் இருக்கலாம். வெளியே வந்து பூட்டினேன். பூட்டிவிட்டோமா என்று மூன்று முறை இழுத்துப் பார்த்தேன்.

சிஸ்டர் திரும்பி வந்து தொட்டியைப் பார்த்தார், சாவியை வாங்கிக்கொண்டார், சபையில் கொடுத்த மிக்சர் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். ஒரு கேள்வி கேட்கவில்லை. தப்பித்தேன் என்றிருந்தேன்.

திங்கட்கிழமை காலை மாத்தூர் முயல், லாட்ஜ்காரர் கிளி எல்லாம் ஆன பிறகு சுவர் வழியாக வந்தது.

"பக்கத்துக் கடைத் தம்பிக்காக. மோட்டாரு நின்னு ஓடுனா அடியில கெடக்கற கசடு கெளம்பும். நேத்து தண்ணி கலங்கி இருந்துச்சி, கரெண்டு போவலன்னு டீக்கடையில சொன்னாங்க. அவன் சுவிச்ச அமுக்கினான் ஆண்டவரே. ஆனா திரும்பப் போட்டான். போட்டத மட்டும் ஞாபகம் வெச்சிக்கும். புள்ளகுட்டிக்காரன், பயந்துட்டான்."

ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் அழுதேன் என்று சொன்னால் என் மனைவி இன்றைக்கும் நம்புவதில்லை. ஒன்பதாம் நாள் அந்த மீன் மண்புழுவை ஒரே இழுப்பில் இழுத்துத் தின்றது. புழுவை நீட்டியது நான்தான்.

கையெழுத்தாயிற்று. முனிரத்தினம் ஒரு தட்டில் பழம், புடவை வைத்துக்கொண்டு வந்தார். "உன் கை பட்டுத்தான் ராசி திரும்பிச்சி சிஸ்டர்" என்றார்.

"மீனு பொழச்சிது. உன் நெலம் வித்துது. ரெண்டும் வேற வேற. எப்போ காலி பண்ணணும்?"

அவர் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். "உனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வைத்தியம் பாத்தே?"

"மீனுக்குப் பாத்தேன். உனக்கா பாத்தேன்?"

பழத்தை வாங்கிக்கொண்டார், முயலுக்கு ஆகும் என்று. புடவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாலாஜாபாத்தில் தனக்கு ஒரு கடை இருக்கிறது, அதை இவருக்கு விடுவதாக முனிரத்தினம் அன்றைக்குச் சொன்னார். அந்தக் கடையைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. வாலாஜாபாத்தில் அரிசி மண்டிக்குப் பின்னால் ஒரு இடத்தைச் சிஸ்டரேதான் அலைந்து பிடித்தார். எனக்குக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்தது. அதற்கும் அவர் ஜெபித்ததாகத் தகவல், பஞ்சர் கடைக்காரர் மூலமாக.

கடை மாற்றிய நாள் மாதிரி ஒன்றை நான் அப்புறம் பார்த்ததில்லை. தொட்டிகளும் கூண்டுகளும் மினி லாரியில் போய்விட்டன. மீன்களைக் குலுங்காமல் கொண்டுபோவதுதான் பிரச்சினை. நைட் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட வாலாஜாபாத் பக்கம் போகிற கம்பெனி பஸ்ஸின் டிரைவர், "ஏறு சிஸ்டர்" என்றார். நாங்கள் மீன்களைக் காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளில் கட்டி ஒவ்வொன்றாக ஜன்னல் வழியாகக் கொடுத்தோம். இரவெல்லாம் லைனில் நின்ற நாற்பது பேர், கண் எரிய, மடியில் ஆளுக்கொரு பையோடு உட்கார்ந்திருந்தார்கள். சிஸ்டர் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, "யாரும் தூங்காதீங்க. தூங்கினா உங்க தல அது மேல வுழும்" என்று சொல்லிக்கொண்டே போனார். சூப்பர்வைசர் ஒருவர் மடியில் ரவுடி மீன். இறங்கும்போது அவர் அதைத் திருப்பித் தரவில்லை, விலைக்கு வாங்கிக்கொண்டார். வாலைக் கடிக்கும் என்று சிஸ்டர் மூன்று முறை எச்சரித்தும்கூட.

முனிரத்தினம் புது வீடு கட்டினார். புதிதாக வந்த வாஸ்துக்காரர் அந்த வீட்டில் எந்த மூலையிலும் மீன் தொட்டி ஆகாது என்று சொல்லிவிட்டாராம். மீனைப் பக்கெட்டில் கொண்டுவந்து வாலாஜாபாத் கடையில் விட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு பல வருடம் கழித்து ஒருநாள் நான் அங்கே போயிருந்தேன். மீனுக்கு வயதாகிவிட்டது. நிறம் மங்கி, புடைப்பு ஒருபக்கம் அமுங்கியிருந்தது. எதிரில் அதன் கண் உயரத்துக்கு ஸ்டூல் போட்டுச் சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். அப்போது காரில் வந்த ஒருவர் தொட்டியைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இது ராசி மீன்தானேம்மா? குடுப்பீங்களா?"

சிஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ராசியா? இது வந்தப்புறம் எனக்கு இருந்த கடை போச்சி. முட்டி போச்சி. ஒரு கண்ணுல பொரை வந்துச்சி. போன மாசத்துலேர்ந்து கூரை ஒழுவுது. எட்த்துக்கினு போறியா?"

அவர் செல்போனில் ஏதோ அவசரமாக வந்தது போலப் பேசிக்கொண்டே காருக்குப் போய்விட்டார்.

"என்ன சிஸ்டர் இது" என்றேன்.

"எது பொய் சொல்லு. கடை போவலியா? முட்டி போவலியா?" என்றார். பிறகு தொட்டிப் பக்கம் திரும்பி, கண்ணாடியை விரலால் மெதுவாகத் தட்டி, "போய்ட்டான், வா" என்றார்.

மீன் வந்தது.